திருடன் ஸ்பைடரும் நல்லவன் ஸ்பைடரும்

காமிக்ஸ் நாயகன் ஸ்பைடர் கடைசிவரை திருடனாகவே இருந்திருக்க வேண்டும் என்பவர்களும், நீதியின் பக்கம் வந்த பிறகுதான் அவன் கதைகள் களைகட்டின என்பவர்களும் ஐம்பது வயதைத் தாண்டியும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுப்பதில்லை. ஈரோடு புத்தகத் திருவிழாவில் லயன்-முத்து காமிக்ஸ் அரங்கின் முன் கூடுகிற கூட்டத்தோடு கொஞ்ச நேரம் நின்றால் போதும், இந்தப் பேச்சு எப்படியாவது வந்துவிடும். ஒருவர் வங்கியில் ஓய்வு பெற்றவராக இருப்பார், இன்னொருவர் லாரி செட் நடத்துபவராக இருப்பார். கடந்துபோகிறவர்கள் சிரித்துக்கொண்டே போவார்கள். எனக்கு அதில் சிரிக்க எதுவும் இருப்பதாகத் தோன்றியதில்லை. பத்து வயதில் படித்த ஒரு கதைத் திருப்பத்தை ஒருவர் நாற்பது வருடம் மனதில் வைத்திருந்து, அது தவறு என்று இன்றும் வாதாடுகிறார் என்றால், அந்தக் கதை அவருக்குள் ஏதோ ஒரு கணக்கைத் தீர்க்காமல் வைத்திருக்கிறது.

இதழ்களை நேரில் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. தொடங்கியவர் சௌந்திரபாண்டியன், ஆசிரியராக இருந்தவர் முல்லை தங்கராசன். முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. பிரிட்டனில் 1962 முதல் 'வேலியண்ட்' வார இதழில் வந்துகொண்டிருந்த லூயி கிராண்டெல் என்ற ஆய்வகப் பணியாளனின் கதை அது. வலது கையை இழந்து அதில் இரும்புக்கை பொருத்திக்கொண்டவன். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும், கை மட்டும் தெரியும். ஸ்பெயின்காரரான ஹெசுஸ் பிளாஸ்கோவின் தூரிகை அந்தக் கையை இருட்டில் மிதக்கவிட்ட விதத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். பிறகு 1984 ஜூலையில், சௌந்திரபாண்டியனின் மகன் விஜயன், பள்ளிப் பருவம் முடிந்த கையோடு லயன் காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழ் மாடஸ்டி பிளைசியின் 'கத்தி முனையில் மாடஸ்டி'. சில மாதங்களுக்குள்ளேயே 'எத்தனுக்கு எத்தன்' வந்தது. ஸ்பைடர் வந்துவிட்டான். விருதுநகர் அப்போது மாவட்டம்கூட ஆகவில்லை. சிவகாசி பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது.

அமெரிக்க ஸ்பைடர்மேனுக்கும் இவனுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கூர்ந்த காது, கருப்பு உடை, கையில் வலைத்துப்பாக்கி, பறப்பதற்கு ஹெலிகார். சிறையிலிருந்து பேராசிரியர் பெல்ஹாமையும், பூட்டுடைப்பதில் வல்லவனான ஆர்டினியையும் தப்புவித்துத் தன் படையாக்கிக்கொண்டு, குற்றவாளிகளின் சக்கரவர்த்தி ஆவேன் என்று கிளம்புகிறவன். 1965இல் பிரிட்டனின் 'லயன்' வார இதழில் டெட் கோவன் அவனை உருவாக்கினார், ரெஜ் பன் வரைந்தார். 1952இல் அதே இதழின் முதல் இதழிலேயே இயந்திர மனிதன் ஆர்ச்சியைக் கொண்டுவந்தவரும் இந்தக் கோவன்தான். ஆர்ச்சி ஆப்பிரிக்கக் காட்டில் தொடங்கி, பிற்காலத்தில் சதுரங்கக் கோட்டை போலிருக்கும் ஓர் இயந்திரத்தில் ஏறிக் காலத்தைக் கடக்கத் தொடங்கினான். ஸ்பைடரோ திருட்டில் தொடங்கி, ஆண்ட்ராய்டுகளின் பேரரசனோடும் பூதங்களோடும் மோதி, கடைசியில் 'நீதிக்காவலன்' என்ற அடைமொழியோடு வந்து நின்றான்.

கோவனுக்குப் பிறகு ஸ்பைடரை எழுதியவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர். 1938இல் சூப்பர்மேன் உரிமை முழுவதையும் 130 டாலருக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, வாழ்நாள் முழுக்க அந்தக் கையெழுத்தோடு போராடியவர். அறுபதுகளின் நடுவில் உரிமை வழக்கின் காரணமாகச் சொந்த நாட்டில் எழுத்து வேலை பறிபோன நிலையில்தான் லண்டன் இதழொன்றுக்காக இந்தத் திருடனின் கதையை எழுத வந்தார். இதற்கு முன்பும் அவர் இதே பாதையில் போனவர். 1933இல் அவர் எழுதிய முதல் சூப்பர்மேன் கதையில் சூப்பர்மேன் வில்லன், வழுக்கைத் தலையன், மனங்களைப் படித்து உலகை அடிமையாக்கத் துடிப்பவன். ஐந்து வருடம் கழித்துத்தான் வேறொரு கிரகத்திலிருந்து வந்து விழுந்த குழந்தையாக, நல்லவனாக மாறினான். ஆகவே ஸ்பைடரின் மாற்றத்தை ஏதோ பத்திரிகை நிர்வாகத்தின் வற்புறுத்தல் என்று மட்டும் தள்ளிவிட என்னால் முடியவில்லை. எல்லையில்லாத பலம் ஒருவனிடம் வந்தால் அவன் என்ன செய்வான் என்ற கேள்வியைத் தன் உரிமையைப் பறிகொடுத்த ஒரு மனிதர் முப்பது வருட இடைவெளியில் இரண்டு முறை எழுதிப் பார்த்திருக்கிறார்.

இந்தக் கதைகளின் மீதான குற்றச்சாட்டு ஒன்றே ஒன்றுதான்: பூச்சுற்றல். காதில் பூ. நம்பவே முடியாதவை. மும்மூர்த்திகள் என்று வாசகர்கள் செல்லமாக அழைக்கும் மாயாவி, லாரன்ஸ்-டேவிட், ஜானி நீரோ ஆகியோரை மறுபதிப்பாகக் கேட்டு ஒரு தரப்பு நச்சரிக்கும். இன்னொரு தரப்பு, இனியும் இந்தப் பூச்சுற்றலுக்கு எங்கள் சந்தாப் பணத்தைச் செலவிடாதீர்கள் என்று கொதிக்கும். மறுபுறம், போரும் குற்ற உணர்வும் முதுமையும் பேசுகிற ஐரோப்பிய கிராஃபிக் நாவல் ஒன்று வந்துவிட்டால், முதல் தரப்பு அதை அழுகாச்சி காவியம் என்று ஒதுக்கும். ஒரே மாதத்து உறையில் இரண்டும் வந்து இரண்டு தரப்பும் பாதி மகிழ்ச்சியும் பாதி எரிச்சலுமாக இருந்த மாதங்கள் உண்டு.

பூச்சுற்றல் என்ற குற்றச்சாட்டுக்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது. அதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. பிரிட்டனில் இந்தக் கதைகள் வாரத்துக்கு இரண்டு பக்கம், மூன்று பக்கம் என வந்தவை. ஒவ்வொரு வாரத்துப் பகுதியும் ஓர் ஆபத்தின் விளிம்பில் முடிய வேண்டும். அடுத்த வாரம் அந்த ஆபத்திலிருந்து முதல் மூன்று கட்டங்களுக்குள் தப்பிக்க வேண்டும். இடையில் ஏழு நாட்கள். அந்த ஏழு நாட்களும் கதையின் பகுதிதான். பையன்கள் பள்ளிக்கூட மதிலில் உட்கார்ந்து, அவன் எப்படித் தப்பிப்பான் என்று சண்டை போடும் நேரம் அது. சிவகாசியில் இவை தொகுக்கப்பட்டுக் கையடக்கமான ஒரே புத்தகமாக வந்தபோது ஏழு நாட்கள் ஒரு பக்கத் திருப்பலாகச் சுருங்கிவிட்டன. இரண்டு பக்கத்துக்கு ஒரு மரண ஆபத்து, இரண்டு பக்கத்துக்கு ஓர் அதிசயத் தப்பித்தல். நாற்பது வாரத்துப் பெருமூச்சை ஒரு மணி நேரத்தில் விட்டால் யாருக்கும் மூச்சுத் திணறும். முழுநீளக் கதைகளாகவே எழுதப்பட்டவையும் இருந்தன. 1967இல் தொடங்கிய ஃப்ளீட்வே சூப்பர் லைப்ரரி வரிசையில் ஸ்பைடரும் மாயாவியும் நூற்றுச்சொச்சம் பக்கக் கதைகளாக வந்தார்கள். அவற்றைப் படிக்கும்போது மூச்சின் வேகம் வேறாக இருப்பதை உணரலாம். வாராந்திரத் துண்டுகளைத் தைத்த கதையையும், ஒரே மூச்சில் எழுதப்பட்ட கதையையும் ஒரே தராசில் வைத்து எடை போடுவது நியாயமில்லை.

ஆனால் இந்த விளக்கம் ஸ்பைடர் சண்டையைத் தீர்க்காது. அதற்கு, யார் படித்தார்கள் என்ற இடத்துக்குப் போக வேண்டும்.

1923 வாக்கில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பி வந்து தீப்பெட்டி செய்யத் தொடங்கியதிலிருந்து சிவகாசியின் கதை ஆரம்பமாகிறது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். 1940க்குப் பிறகு பட்டாசு ஆலைகள் வந்தன. அவற்றுக்கும் கண்ணைப் பறிக்கும் லேபிள் வேண்டும். இப்படித்தான் மழையில்லாத கரிசல் மண்ணில் நாட்டின் மிகப் பெரிய அச்சுத் தொழில் மையங்களில் ஒன்று வளர்ந்தது. காலண்டரும் டைரியும் பாடப்புத்தகமும் அச்சிட்ட அந்த இயந்திரங்களின் ஊரில்தான் காமிக்ஸும் பிறந்தது. நியூயார்க் வானத்தில் ஹெலிகார் பறக்கும் அட்டைப்படத்துக்கும், ராக்கெட் பறக்கும் பட்டாசு லேபிளுக்கும் மை ஒரே ஊரில்தான் காய்ந்தது.

லயன் தொடங்கிய எண்பதுகளில் இதே ஊருக்குள் விடிவதற்கு முன்பே வேன்கள் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வரும். தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ் என்றுதான் ஊரில் சொல்வார்கள். கட்டை அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, திரி வைப்பது. சலம் பென்னூர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம் 1990இல் வந்தது. அதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பிள்ளைகளின் விரல்கள் ஓடும் வேகம் கண்ணைவிட்டுப் போகாது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் குழந்தைத் தொழிலாளர் விஷயத்தில் விரிவான தீர்ப்பை வழங்கியது. இன்று நிலைமை பெருமளவு மாறியிருக்கிறது. ஆனால் 1984இல் பத்து வயதில் இருந்த ஒரு தலைமுறையில் பாதி, லயன் காமிக்ஸுக்காக மாதம் முழுக்கக் காத்திருந்தது. மறுபாதிக்கு அந்த அச்சு ஊரிலேயே இருந்தும் ஒரு புத்தகம் கைக்கு எட்டவில்லை. எங்கள் காமிக்ஸ் நினைவுகளில் இந்த மறுபாதி வருவதே இல்லை. நாங்கள் பழைய புத்தகக் கடை வாசனையைப் பற்றி எழுதுகிறோம், தீபாவளி மலரின் கனத்தைப் பற்றி எழுதுகிறோம். ஒரு கதை பிடிக்கவில்லை என்று ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவதற்கு ஓய்வும் எழுத்தும் தபால் கார்டும் வேண்டும் என்பதை எழுதுவதில்லை.

எனக்கு இதைக் காட்டிக்கொடுத்தது சாத்தூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர். சிறுவயதில் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கியவர். வளர்ந்து பயர் ஆபீஸில் மருந்து வேலை பார்த்து, இப்போது போர்மேன். நாற்பது வயதுக்கு மேல்தான் காமிக்ஸ் படிக்கத் தொடங்கினார், அதுவும் மகனுக்காக வாங்கிய மறுபதிப்பு ஒன்றிலிருந்து. மகன் இரண்டு பக்கத்தோடு தூக்கிப் போட்டுவிட்டான். இவர் விடவில்லை. எங்களைப் போல் குழந்தைப் பருவத்து ஏக்கம் எதுவும் இல்லாமல், வளர்ந்த மனிதனாக ஸ்பைடரைச் சந்தித்தவர். ஆகவே அவருடைய கட்சிக்கு நான் மிகுந்த மதிப்பு கொடுக்கிறேன். அவர் உறுதியாகத் திருடன் ஸ்பைடர் பக்கம்.

"திருடனா இருந்தப்ப அவன் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லல்ல அண்ணாச்சி. நல்லவனா ஆனப்புறம் பாருங்க, எவனாவது வந்து உலகத்தைக் காப்பாத்துன்னு கூப்புட்டா ஓடணும். அவனும் வேலைக்காரன் ஆயிட்டான்."

"அப்ப திருடுறது சரிங்கிறியா தம்பி?"

"சரின்னு யாரு சொன்னா? கதையிலயாவது ஒருத்தன் தன் இஷ்டத்துக்கு எந்திரிச்சு, தன் இஷ்டத்துக்குப் படுக்கட்டுமே."

நாற்பது வருட விவாதத்தில் நான் கேட்டிராத வாதம் இது. திருடன் ஸ்பைடரை விரும்புகிறவர்கள் வழக்கமாகச் சொல்வது, வில்லனே நாயகனாக இருப்பது புதுமை, நல்லவனானதும் மற்ற நாயகர்களைப் போலாகிவிட்டான் என்பதுதான். அது இலக்கிய ரசனை சார்ந்த வாதம். இவருடையது உழைப்பைச் சார்ந்தது. விடியற்காலை வேனின் ஹார்ன் சத்தத்துக்கு எழுந்த ஒரு பையன், அந்தச் சத்தத்துக்குக் கட்டுப்படாத ஒருவனைக் கதையில் தேடுகிறான். அப்படித் தேடிக் கண்டுபிடித்தவனையும் எழுத்தாளர் ஏதோ ஒரு வாரத்தில் கடமைக்குள் தள்ளிவிடுகிறார். இந்தக் கோபத்தைப் பூச்சுற்றல் பற்றிய பேச்சுக்குள் அடக்கவே முடியாது. ஹெலிகார் பறக்குமா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

இருந்தும் நான் நல்லவன் ஸ்பைடர் பக்கம்தான் நிற்கிறேன். திருடனாக இருந்த ஸ்பைடருக்குப் பெல்ஹாமும் ஆர்டினியும் தேவைப்பட்டார்கள். அவர்களை அவன் நம்பவில்லை, அவர்கள் அவனுக்குக் குழிபறிக்கப் பார்த்தார்கள். அந்தத் தனிமையை ரெஜ் பன் அவன் முகத்தில் வரைந்திருக்கிறார். கட்டத்துக்குக் கட்டம் அந்த இறுமாப்பான சிரிப்பு, அதைப் பகிர்ந்துகொள்ள ஆளில்லாத சிரிப்பு. நல்லவனானபோதும் அவன் அகந்தை குறையவில்லை. தன்னைவிடச் சிறந்தவன் எவனும் இல்லை என்று பேசிக்கொண்டேதான் உலகத்தைக் காப்பாற்றுகிறான். அகந்தையோடேயே ஒருவன் பிறருக்குப் பயன்பட முடியும் என்பது பத்து வயதில் எனக்குப் பெரிய செய்தி. பள்ளிக்கூடத்து நீதிக்கதைகளில் நல்லவர்கள் எல்லோரும் தலைகுனிந்தே இருந்தார்கள். உரிமையைப் பறிகொடுத்த சீகல், தலைகுனியாத ஒரு நல்லவனைக் கனவு கண்டிருக்கிறார் என்றுதான் நான் படிக்கிறேன். நண்பர் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. நானும் அவர் வாதத்தை மறுக்க முடிந்ததாகச் சொல்லமாட்டேன்.

தொடர்கதையின் ஒரு பகுதிக்காக வாசகர்கள் கொதித்தெழுவது தமிழுக்குப் புதிதில்லை. 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' வந்து முடிந்தபோது, முடித்த விதத்தை ஏற்காத வாசகர்களுக்காகக் கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதி, பாத்திரங்கள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று விளக்க வேண்டியிருந்தது. சுஜாதா குமுதத்தில் தொடங்கிய 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' எதிர்ப்பின் காரணமாக இடையிலேயே நின்று, பிறகு 'ரத்தம் ஒரே நிறம்' என்று வேறு பெயரில் எழுதப்பட்டது. இரண்டும் இருவேறு வகை. முதலாவதில் வாசகர் இன்னும் வேண்டும் என்று கேட்டார். எழுத்தாளர் பதில் சொன்னார். இரண்டாவதில் வேண்டவே வேண்டாம் என்ற குரல் எழுதுவதையே நிறுத்தியது. கடல் கடந்தும் இந்த இரண்டாவது வகை உண்டு. 2017இல் ஸ்டார் வார்ஸ் வரிசையின் 'தி லாஸ்ட் ஜெடாய்' வந்தபோது, லூக் ஸ்கைவாக்கரைத் தனித்தீவில் ஒதுங்கிய சலிப்புற்ற கிழவனாகக் காட்டியதற்காக, அந்தப் படத்தையே வரிசையிலிருந்து நீக்க வேண்டும் என்று கையெழுத்து வேட்டை நடந்தது.

சிவகாசிச் சண்டை முதல் வகையைச் சேர்ந்தது. அதனால்தான் அதை நான் மதிக்கிறேன். இங்கே வாசகர் கூட்டம் சிறியது. புத்தகம் பெருமளவு சந்தாவால் வாழ்கிறது. இடையில் இதழ்கள் தடுமாறி, எப்போது வரும் என்றே தெரியாமல் போன காலமும் உண்டு. 2012 ஜனவரியில் 'லயன் கம்பேக் ஸ்பெஷல்' வந்தபோதுதான் மீண்டும் மூச்சு வந்தது. இந்த நிலையில் ஒரு வாசகர் இந்தக் கதை வேண்டாம் என்று சொன்னால் அது ஆசிரியரின் மேசையில் நேராக விழுகிறது. 'ஹாட்-லைன்' பக்கத்தில் விஜயன் அதற்குப் பதில் எழுதுவார். சில நேரம் விட்டுக்கொடுப்பார், சில நேரம் பிடிவாதமாக இருப்பார். 'இரத்தப் படலம்' என்ற பெயரில் எண்பதுகளில் லயனில் தொடங்கிய XIII கதை, பல வருட இடைவெளிகளில் துண்டு துண்டாக வந்து, 2010இல் எண்ணூறு பக்கத்தைத் தாண்டிய ஒரே தொகுப்பாக வந்தது வாசகர்களின் ஓயாத நச்சரிப்பால்தான். ஞாபகத்தை இழந்த ஒருவன் தன் பெயரைத் தேடும் கதையை முழுதாகப் படிக்க இங்கே ஒரு கூட்டம் இருபது வருடத்துக்கு மேல் காத்திருந்தது. பிரிட்டனில் 'லயன்' 1974இலும் 'வேலியண்ட்' 1976இலும் வேறு இதழ்களோடு கலந்து மறைந்துபோயின. ஸ்பைடரையும் ஆர்ச்சியையும் பற்றிச் சூடாகப் பேச ஆளிருக்கும் இடங்களில் தமிழ்நாடு முக்கியமானது என்று நான் நம்புகிறேன். ஒரு கதை மறக்கப்படும்போது முதலில் சாவது அதன் மீதான கோபம்.

இப்போது எங்களுக்குள் தோர்கல் வந்திருக்கிறான். 'இரத்தப் படல'த்தை எழுதிய அதே வான் ஹாம், போலந்து ஓவியர் ரோசின்ஸ்கியோடு சேர்ந்து 1977இல் தொடங்கிய தொடர். வைக்கிங்குகளின் கரையில் கண்டெடுக்கப்பட்ட குழந்தை. வந்த வழி கடல் அல்ல, விண்மீன்கள். வேற்றுக் கிரகத்திலிருந்து வந்தவர்களின் கடைசி வாரிசு, வடபுலத்துக் கடவுள்களுக்கும் மனிதர்களுக்கும் நடுவில் அமைதியாக ஒரு குடும்பம் நடத்த ஆசைப்படுகிறான். விண்கலமும் மாயமும் ஒரே பக்கத்தில் வரும். என் வட்டத்தில் இது மூன்றாவது பிளவை உண்டாக்கியது. பூச்சுற்றல் தரப்பு, இது மிக மெதுவாகப் போகிறது என்றது. கிராஃபிக் நாவல் தரப்பு, கடவுள்களும் குள்ளர்களும் எதற்கு என்றது. எனக்குத் தோர்கல் முதல் பாகத்திலிருந்தே பிடித்துப்போனான். ரோசின்ஸ்கியின் பனியும் கடலும் பேசுகிற அளவுக்கு வசனங்கள் பேசுவதில்லை.

அந்தத் தொடரின் நடுவில் ஒரு திருப்பம் இருக்கிறது. ஐரோப்பிய வாசகர்களை இன்றுவரை இரண்டாகப் பிரிப்பது. கடவுள்களின் தொல்லையால் தன் மனைவி ஆரிசியாவும் பிள்ளைகளும் ஓயாமல் துன்பப்படுவதைத் தாங்காத தோர்கல், கண்ணுக்குத் தெரியாத கோட்டை ஒன்றுக்குப் போகிறான். கடவுள்களின் நினைவில் நிலைக்கும்படி தன் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும் கல்லில் அதை அழித்துவிட வேண்டும். அழித்துவிட்டால் அவர்கள் இவனை மறந்துவிடுவார்கள். அழிக்கிறான். கூடவே தன்னையும் மறக்கிறான். பழைய எதிரியான கிரிஸ் ஆஃப் வால்னோர் அவனுக்கு வேறு பெயர் சூட்டி, இரக்கமற்ற கடற்கொள்ளையன் ஷைகனாக்கிவிடுகிறாள். குடும்பத்துக்காகத் தன்னை அழித்துக்கொண்டவன், அந்தக் குடும்பத்துக்கே அந்நியனாகிறான். இத்தனை நேர்மையான நாயகனை இப்படிச் சிதைக்கலாமா என்பது ஒரு தரப்பின் ஆத்திரம். தொடரின் மிக உயர்ந்த இடம் இதுதான் என்பது இன்னொரு தரப்பு. நான் இரண்டாவது தரப்பு. ஒரு சாயங்காலம் சாத்தூர் நண்பரிடம் இந்தக் கதையை முழுதாகச் சொன்னேன். நான் எதிர்பார்த்தது, நாயகனை ஏன் கொள்ளைக்காரனாக்கினார்கள் என்ற கேள்வியை. திருடன் ஸ்பைடரின் கட்சிக்காரர் ஆயிற்றே, கொள்ளையன் ஷைகனைக் கொண்டாடுவார் என்றும் நினைத்தேன்.

அவர் கொள்ளையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பெயரைப் பற்றித்தான் கேட்டார்.

"தானா போயிப் பேரை அழிச்சானா?"

"ஆமா. அப்பத்தான கடவுள்கள் விடுவாங்க."

"அது தப்பு அண்ணாச்சி. எந்தக் கஷ்டம் வந்தாலும் பேரை மட்டும் அழிக்க விடக்கூடாது."

அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. இந்தப் பகுதியில் உள்குத்தகைக்கு விடப்பட்ட அறைகளில் வேலை செய்கிறவர்களின் பெயர் பல நேரங்களில் எந்தப் பதிவேட்டிலும் இருப்பதில்லை. ஈஎஸ்ஐ இல்லை, பிஎஃப் இல்லை, வருகைப் பட்டியல் இல்லை. உராய்வில் ஒரு பொறி கிளம்பி அறை சரியும்போது, யார் உள்ளே இருந்தார்கள் என்பதை உறவினர்கள் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் இறந்தவர்களில், ஆலையில் வேலையே பார்க்காமல், முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவிக்கு ஓடிவந்தவர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் ஏராளம். அவர்கள் பெயர் எந்த ஆலையின் ஏட்டில் இருந்திருக்க முடியும்? நண்பர் போர்மேன் ஆன பிறகு காலையில் மருந்து கலக்கத் தொடங்கும் முன் செய்கிற முதல் வேலை, உள்ளே வந்திருக்கிற ஒவ்வொருவரின் பெயரையும் நோட்டில் எழுதுவது. கூலிக் கணக்குக்கு வேறு நோட்டு இருக்கிறது. இது அவராகவே வைத்துக்கொண்டது.

வான் ஹாம் எழுதியபோது பெல்ஜியத்தில் உட்கார்ந்து அந்தக் கல்லை ஊழின் அடையாளமாக நினைத்திருப்பார். பெயரழிப்பது விடுதலை, அதன் விலை மறதி: அப்படித்தான் நானும் படித்தேன், ரசித்தேன். பட்டியலில் பெயர் இல்லாமல் போவதன் பொருளைக் கண்ணால் பார்த்த ஒருவர் அதே காட்சியைப் படிக்கும்போது, அங்கே விடுதலை என்று ஒன்று இருப்பதாகவே அவருக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும் யாரும் எழுதி வைக்கத் தேவையில்லாதபடி, தன் இஷ்டத்துக்கு எழுந்து தன் இஷ்டத்துக்குப் படுக்கிற ஸ்பைடரைக் கொண்டாடுகிறவர் அவர். இரண்டும் முரண்படுகின்றன என்று சொன்னேன். ஸ்பைடர் யாருக்கும் கட்டுப்படாவிட்டாலும் தன் பெயரை எல்லாச் சுவரிலும் ஒட்டிவிட்டுத்தானே போகிறான் என்றார். உண்மைதான். திருடிய இடத்தில் எல்லாம் இது ஸ்பைடரின் வேலை என்று உலகத்துக்கு அறிவித்துவிட்டுப் போவது அவன் வழக்கம். அந்தத் தம்பட்டத்தை நான் எப்போதும் அவனுடைய பலவீனமாகவே எண்ணியிருந்தேன்.

ஷைகன் கதைகளைத் தமிழில் வாங்கவே மாட்டேன் என்கிறார். வாங்கிப் படித்துவிட்டுத் திட்டச் சொல்லி நான் வற்புறுத்திக்கொண்டிருக்கிறேன். ஆசிரியருக்கு எழுதப்போவதாகவும் சொல்லியிருக்கிறார்: கல்லில் பெயரை அழிக்கும் அந்தப் பக்கத்துக்கு அடியில், வாசகர் ஒருவர் இதை ஏற்கவில்லை என்று ஒரு குறிப்பாவது போட வேண்டுமாம். அவர் கடிதம் அச்சானால், நாற்பது வருடமாக லயனுக்குப் போய்க்கொண்டிருக்கும் கடிதங்களில், தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வந்த ஒருவரின் கதை விமர்சனமாக நான் படிக்கிற முதல் கடிதம் அதுவாக இருக்கும். தொடர்ந்து நல்லவன் ஸ்பைடர் கட்சியில் இருந்துகொண்டே அதற்கு எதிர்க்கடிதம் எழுதுவதாக நானும் சொல்லியிருக்கிறேன்.